செவ்வாய்க்கிழமைக்காரர்

மலையடிவாரத்துக்காரர்கள் பேச்சில் மலைமேல் இருக்கிற ஊருக்கு ‘மேலே’ என்றுதான் பெயர். மேலே நல்ல மழையாம், மேலே உருளைக்கிழங்கு விலை இறங்கிடுச்சாம், அண்ணன் காலையிலேயே மேலே போயிட்டாரு. புதிதாக வந்தவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, எப்படி, திடீர்னா என்று விசாரிப்பார்கள். எடைமேடைக்காரரின் மனைவி இதை வைத்தே புருஷனை ஓட்டுவார். வாரா வாரம் மேலே போய்விட்டுச் சாயந்திரம் பசியோடு திரும்பி வருகிற ஒரே மனிதர் தன் வீட்டுக்காரர்தான் என்று அவர் சொல்லாத ஆள் பாக்கி இல்லை.

மலைச்சாலை தொடங்குகிற இடத்தில் லாரிகளை எடை போடுகிற மேடை ஒன்று உண்டு. பத்தொன்பது வருடமாக அதன் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்தான் எடைமேடைக்காரர். மலையேறுகிற லாரி, வண்டியும் சரக்குமாகச் சேர்த்துப் பன்னிரண்டு டன்னுக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் கொண்டை ஊசி வளைவில் தகராறு. அதனால் ஒவ்வொரு வண்டியும் இரும்பு மேடையில் ஏறி நிற்கும். அவர் எண்ணைப் பார்த்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் மேலே போக முடியும். டயர் பிதுங்கியிருப்பதைப் பார்த்தே, வண்டி மேடையில் ஏறும் முன்பே, “இருநூறு கிலோ கூட இருக்கு, நாலு மூட்டையை இறக்கிட்டு வா” என்பார். சந்தேகப்பட்டு ஏற்றிப் பார்த்தவர்கள் பிறகு சந்தேகப்படுவதை விட்டுவிட்டார்கள். படித்தது ஐந்தாம் வகுப்பு. குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கிய அவர் மகன் செல்போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் விடையைச் சொல்லியிருப்பார். அந்த மகனைப் படிக்க வைத்ததும் இந்த எடைமேடைதான்.

குடியிருப்பும் அங்கேயே. எடைமேடைக்குப் பின்னால் முதலாளி கொடுத்த இரண்டு அறை, தகரக் கூரை. வண்டி வந்து நின்று உறுமினால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி வீட்டில் எல்லோருக்கும் தொண்டை பெரிதாகிவிட்டது. வாரத்தில் ஆறு நாள் இப்படி. ஏழாவது நாள் செவ்வாய்க்கிழமை. மேலே சந்தைக்கு அன்று வார விடுமுறை, லாரி ஏறாது, அதனால் எடைமேடைக்கும் விடுமுறை.

அன்றைக்கு அவர் ஆறு பத்து பஸ்ஸில் ஏறுவார். பஸ் பாதி காலியாக இருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து இருபத்துமூன்று வளைவையும் எண்ணிக்கொண்டே போனால் எட்டு மணிக்கு மேலே. பஸ் நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் முதல் டீ. கேட்டாலும் கேட்காவிட்டாலும் சர்க்கரையைப் பாதிதான் போடுவார் என்பதால் அந்தக் கடைக்காரருக்கு அரைச்சர்க்கரை என்று பெயர். டீயைக் குடித்துவிட்டு எடைமேடைக்காரர் பெரிய தெருவின் நட்டநடுவில் நடப்பார். இரண்டு பக்கமும் பச்சை பூசிய கடைக்கதவுகள் சாத்தியிருக்கும். வழியில் ஒரு நாய் படுத்திருக்கும், அது எழுந்திருக்காது, இவர்தான் சுற்றிப் போவார். தபால் நிலையத்துக்கு எதிரே ஒரு கல் பெஞ்சு. மதியம்வரை அதில் உட்கார்ந்திருப்பார். படிப்பதில்லை, யாரோடும் பேசுவதில்லை. காது ஓய்வெடுக்கும். மதியத்துக்கு மேல் தெருக்கோடி மைதானத்துக்குப் போவார். அங்கே கொடி கட்டி ஊரார் கம்பளிகளைக் காயப்போட்டிருப்பார்கள், வரிசை வரிசையாக, சிவப்பும் பழுப்புமாக. நாலரை பஸ்ஸில் இறங்கிவிடுவார்.

மேலே இருக்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் செவ்வாய்க்கிழமைக்காரர்.

இவருடைய மனைவி ஒரு முறைகூட இவரோடு மேலே போனதில்லை. அவருக்கு ஒரு டாக்டரின் கிளினிக்கில் வேலை, வந்தவர்களுக்கு டோக்கன் கொடுத்து நம்பர் கூப்பிடுவது. அங்கே விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. அவர் ஞாயிறு, இவர் செவ்வாய். பிள்ளை படிப்பு, மாமியார் உடம்பு என்று வருடங்கள் ஓடிவிட்டன. ஊர் எப்படி இருக்கும் என்பதெல்லாம் புருஷன் சொல்லித்தான் தெரியும். அங்க யாரும் அவசரப்பட மாட்டாங்க. ஒரு ஹார்ன் சத்தம் கிடையாது. நீ நடந்தா உன் செருப்புச் சத்தம் உனக்கே கேக்கும். கேட்டுக் கேட்டு அந்த அம்மாவுக்குச் சலித்துவிட்டது என்று மட்டும்தான் இவர் நினைத்திருந்தார்.

அடுத்த மாதக் கடைசியோடு அவருக்கு ஓய்வு. தகரக் கூரை வீட்டைப் புதிதாக வருகிறவருக்குக் காலி செய்து கொடுக்க வேண்டும். மகன் நகரத்தில் தன் வீட்டோடு வந்துவிடச் சொன்னான். பத்தாவது மாடி, லிப்ட் உண்டு, மருமகளும் நல்ல மாதிரி. மனைவிக்கு அதில் பாதி மனது. இவருக்கோ மேலே போய் இருந்துவிட வேண்டும் என்று ஆசை. போன மாதம் அரைச்சர்க்கரை மூலமாக ஒரு வீடும் பார்த்தாகிவிட்டது. மைதானத்தைப் பார்த்த மாடி, இரண்டு அறை, ஒரு அடுப்படி. பின்கட்டில் இருக்கிற வீட்டுக்காரம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். வேறொருவரும் கேட்கிறார், இந்தச் சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் ஒரு பதில் சொல்லிவிடுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மனைவி ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார். இவர் ஒவ்வொன்றுக்கும் பதில் தயாரித்து வைத்திருந்தார். படி ஏறணுமே? முழங்காலுக்கு நல்லது. பனியில துணி எப்படிக் காயும்? வாசல்லயே மைதானம், ஊரே அங்கதான் காயப்போடுது. டாக்டர்? ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளி. கடைசியில் மனைவி தீர்மானமாகச் சொன்னார்:

“ஒரு நாள் வந்து பார்க்கறேன். சாயந்திரம் பஸ் ஏறறதுக்குள்ள சொல்லிடறேன். நான் வேண்டாம்னா வேண்டாம்தான். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.”

இவரும் ஒப்புக்கொண்டார். அந்த வாரம் சனிக்கிழமை மேடையைக் கழற்றி அடியில் இருக்கும் சென்சாரை மாற்ற ஆட்கள் வருவதாக இருந்தது. அன்று ஏற வேண்டிய வண்டிகளையெல்லாம் வெள்ளிக்கிழமை மாலையே எடை போட்டு ஓரம்கட்டி நிறுத்தியாகிவிட்டது. டாக்டரும் ஊரில் இல்லை. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை வந்தது.

பஸ்ஸிலேயே கோணல் ஆரம்பித்துவிட்டது. ஆறு பத்து பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. யாரோ ஒரு புண்ணியவான் எழுந்து மனைவிக்கு இடம் கொடுத்தார். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மனைவியின் ஸ்வெட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாருடைய கூடையோ முழங்காலில் இடிக்க, எத்தனையாவது வளைவு என்று தெரியாமல் தொங்கிக்கொண்டு போனார். இருட்டிய பிறகு லாரிகளை மலையில் விட மாட்டார்கள். விடிந்ததும் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியிருந்தன. பதினான்காவது வளைவில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் வரிசையாக லாரிகள். குனிந்து பார்த்தார். ஒவ்வொரு நம்பரும் தெரிந்த நம்பர், நேற்று அவரே கையெழுத்துப் போட்டது.

பத்து மணிக்கு மேலே இறங்கியவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. பெரிய தெருவைக் காணோம். தெரு இருந்த இடத்தில் கூட்டம் இருந்தது. பச்சைக் கதவுகள் எல்லாம் திறந்து, உள்ளேயிருந்து வாளியும் கயிறும் ரப்பர் செருப்பும் போர்வையும் வாசலுக்கு வெளியே வழிந்து கிடந்தன. இரண்டு ஒலிபெருக்கிகள் ஒன்றோடொன்று சண்டை போட்டன. முதுகில் மூட்டையோடு வந்தவர்கள், “வழி, வழி” என்று இவரை ஓரத்துக்குத் தள்ளினார்கள். கல் பெஞ்சின் மேல் முட்டைக்கோஸ் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

டீக்கடையில் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அரைச்சர்க்கரை இவரைப் பார்த்துவிட்டு டீ ஆற்றுகிற கையை நிறுத்தாமலே கேட்டார்:

“என்ன, செவ்வாய் சனியில வந்து நிக்குது?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தார். இவர் அசடு வழிய நின்றார். இன்றைக்கு ஏதும் விசேஷமா, ஏன் இவ்வளவு கூட்டம் என்று மெதுவாகக் கேட்டார். கேட்டது அரைச்சர்க்கரையின் காதில் விழவில்லை. சத்தமாகக் கேட்டார். அரைச்சர்க்கரைக்குக் கேள்வியே புரியவில்லை. சனிக்கிழமை இப்படித்தான், திங்களும் வியாழனும்கூட இப்படித்தான், ஞாயிறு இதைவிட மோசம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு டீயை நீட்டினார்.

சந்தைக்குச் செவ்வாய் விடுமுறை என்பது இவருக்குத் தெரியாததில்லை. ஆனால் மற்ற ஆறு நாளும் விடுமுறை இல்லை என்பதை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. தன்னைப் போலவே ஊரும் அன்று வேலையிலிருந்து இறங்கி உட்கார்ந்திருந்தது என்பது இப்போதுதான் மண்டையில் ஏறியது. மனைவி டீயை ஊதிக்கொண்டே இவரைப் பார்த்தார்.

“ஏங்க, இத்தனை வருஷமா எடை போட்டு எடை போட்டு அனுப்பிச்சீங்களே, அதெல்லாம் எங்க போய் இறங்குதுன்னு நெனச்சீங்க?”

இவர் மனது பாட்டுக்குக் கணக்குப் போட்டது. சனிக்கிழமைக்கு அறுபது வண்டி. வண்டிக்கு ஏழு டன் சரக்கு. நானூற்று இருபது டன். அத்தனையும் மலை உச்சியில் எங்கேயோ சத்தமில்லாமல் கரைந்து போவதாகத்தான் பத்தொன்பது வருடம் இருந்திருக்கிறார்.

எப்படியாவது மனைவியை இந்தத் தெருவிலிருந்து கிளப்பி மைதானத்துப் பக்கம் கூட்டிப்போய்விட வேண்டும் என்று பார்த்தார். அங்கே போனால் ஊர் தன் சுயரூபத்தைக் காட்டும், தன் மானமும் பிழைக்கும். மனைவியோ நகர்கிற வழியாய் இல்லை. ஒரு கடையில் போர்வையைத் தடவிப் பார்த்தார். வாங்குகிற உத்தேசமே இல்லாமல் காரட் விலை கேட்டு, அது அதிகம் என்று சண்டை போட்டார். உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் பேச்சுக் கொடுத்து, அவருக்கு மூன்று பெண்கள் என்பதும் மூத்தவளுக்கு மூட்டுவலி என்பதும்வரை போய்விட்டார். என்ன மருந்து சாப்பிடுகிறாள், எந்த டாக்டர் என்றெல்லாம் விசாரணை. கால் கடுக்கக் காத்திருந்தார் கணவர். மனைவியின் முகத்தில் அப்படி ஒரு களையை அவர் கிளினிக் வாசலில்தான் பார்த்திருக்கிறார்.

மைதானத்துக்கு வந்தபோது மதியம் ஆகிவிட்டது. கொடியும் இல்லை, கம்பளியும் இல்லை. நாற்பது லாரிகள் நெருக்கியடித்து நின்றன. சந்தையின் சரக்கு இறக்குகிற இடமே அதுதான். செவ்வாய்க்கிழமை வண்டிகள் வராததால் ஊரார் அங்கே கம்பளி காயப்போட்டிருக்கிறார்கள். மண்ணில் எண்ணெய்க் கறையை இவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். பார்த்தாரே தவிர என்ன ஏது என்று கேட்டதில்லை.

முகத்தில் ஈயாடவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்த நேரம் பார்த்து யாரோ, “அண்ணே, எடைமேடை அண்ணே” என்று கூப்பிட்டார்கள். ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்றி மலையேறுவதால் ஒத்தக்கை என்று பெயர் எடுத்த டிரைவர். அரிசி வியாபாரி ஒருவர் அவன் சட்டையைப் பிடிக்காத குறையாக நின்றுகொண்டிருந்தார். எடைமேடைச் சீட்டில் இருப்பதைவிட இங்கே சரக்கு அறுபது கிலோ குறைகிறது, வழியில் ஒரு மூட்டை இறங்கியிருக்கிறது என்பது அவர் கட்சி.

“இதோ, சீட்டு எழுதினவரே மேலே வந்துட்டாரு. அவரைக் கேளுங்க.”

எடைமேடைக்காரர் சீட்டை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். நேற்று மாலை நல்ல மழை. ‘படுதா நனைந்துள்ளது’ என்று ஓரத்தில் அவர் கையெழுத்திலேயே இருந்தது. ஈரம் குடித்த படுதா எவ்வளவு கனம் என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள், சந்தேகம் இருந்தால் மூட்டையை எண்ணுங்கள் என்றார். எண்ணினார்கள். மூட்டை சரியாக இருந்தது. வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே போனார். ஒத்தக்கை இவரை விடுவதாக இல்லை. அந்தப் பக்கம் இருந்த நாலைந்து டிரைவர்களும் கூடிவிட்டார்கள். எடை போட மேலேயே கிளம்பி வந்துவிட்டீர்களா, எங்களைப் பிரிந்து ஒரு நாள் இருக்க முடியலையா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வேறு நாளாக இருந்தால் அவரும் திருப்பிக் கொடுத்திருப்பார். வாரத்துக்கு ஒரு நாள் இவர்கள் முகத்திலெல்லாம் விழிக்காமல் இருக்கத்தானே மேலே வந்துகொண்டிருந்தார்.

வீட்டுப் படியில் ஏறும்போதே அவர் கட்சி மாறிவிட்டார். படி ரொம்பச் செங்குத்து என்றார். முழங்காலுக்கு நல்லதுன்னு யாரோ சொன்னாங்களே என்றார் மனைவி. பனியில் துணி காயாது என்றார். செவ்வாய்க்கிழமை மைதானத்துல போட்டுக்கலாம் என்று பதில் வந்தது. மகன் கூப்பிடும்போது போகாமல் இருந்தால் அவன் மனது என்ன பாடுபடும் என்று கடைசி அஸ்திரத்தையும் எடுத்தார். மனைவி படியிலேயே நின்றுவிட்டார். கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, சத்தத்தைத் தாழ்த்திப் பேசினார்.

“ஒண்ணு சொல்லட்டுமா? வேண்டாம்னு சொல்லத்தான் இன்னைக்கு நான் வந்தேன். செருப்புச் சத்தம் கேக்கும், செருப்புச் சத்தம் கேக்கும்னீங்க. வயசான காலத்துல அதைக் கேட்டுட்டு உக்காந்திருக்க என்னால ஆகாதுங்க. இங்க வந்து பார்த்தா மனுஷங்க இருக்காங்க. எனக்குப் பிடிச்சிருக்கு.”

“எனக்குப் பிடிக்கலையே.”

“உங்களுக்கு எப்பவுமே இந்த ஊர் பிடிச்சதில்லை. லீவுதான் பிடிச்சிருக்கு.”

சொன்ன பிறகு கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். நீங்க வேண்டாம்னா பையன்கிட்டயே போயிடலாம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், ஆனா நீங்களே டீச்சரம்மாகிட்ட சொல்லிடுங்க என்று சேர்த்துச் சொன்னார். முடிவு இப்போது இவர் தலையில் வந்து விழுந்தது.

டீச்சரம்மா கதவைத் திறந்து காட்டினார். அறைகள் துப்புரவாக இருந்தன. சுவரில் ஓதம் இல்லை. பெண்கள் இரண்டு பேரும் அடுப்படியில் குழாயைத் திறந்து பார்க்கவும், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று பேசவும் போய்விட்டார்கள். இவர் முன்னறையில் ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு கீழே பார்த்தார். என்ன சொல்லி மறுப்பது என்று யோசித்தபடியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று தெரியாது. உள்ளேயிருந்து பேச்சும் சிரிப்பும் வந்தது. ஒரு முறை டீயும் வந்தது, முழுச் சர்க்கரையோடு.

நாலரை மணி வாக்கில் கீழே ஒரு வண்டி கிளம்பியது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் நாலைந்து சேர்ந்தாற்போல. இவர் எழுந்து நின்றார். இருட்டுவதற்குள் எல்லா வண்டியும் இருபத்துமூன்று வளைவையும் தாண்டி இறங்கியாக வேண்டும். ஒவ்வொரு நாளும் பொழுது சாயும்போது அவை வரிசையாக வந்து எடைமேடையைத் தாண்டுவதை அடிவாரத்தில் இருந்து பார்த்திருக்கிறார். அதே வண்டிகள் அந்த நேரத்தில் இங்கே இருக்க முடியாது என்பது மட்டும் மனதில் படவே இல்லை. மைதானம் கண்ணெதிரே காலியாகிக்கொண்டு வந்தது. ஐந்தரைக்கு, இரவு மேலேயே தங்கப்போகிற நாலு வண்டிதான் பாக்கி. இரண்டு பெண்கள் உதிர்ந்த கோஸ் இலைகளைப் பெருக்கிக் குவித்தார்கள். ஒலிபெருக்கிகளில் ஒன்று ஓய்ந்தது, சற்று நேரத்தில் மற்றதும். துடைப்பத்தின் சத்தம் மாடிவரை தெளிவாகக் கேட்டது. செவ்வாய்க்கிழமைகளில் அவர் நாலரை பஸ்ஸிலேயே போய்விடுவதால் இந்த ஊரின் அந்திப்பொழுதைப் பார்த்ததே கிடையாது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

டீச்சரம்மா வந்து, ஆறு மணிக்குக் கடைசி பஸ், என்ன முடிவு பண்ணியிருக்கீங்க என்று கேட்டார். மனைவி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

எடைமேடைக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். ஒத்தக்கை காலி வண்டியில் படுதாவை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான். அடுத்த மாதக் கடைசியில் ஏறும்போது வண்டியில் கொஞ்சம் இடம் இருக்குமா, வீட்டுச் சாமான் கொண்டுவர வேண்டும் என்று இவர் கேட்டார். பழக்க தோஷம், தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டுவிட்டார். பெருக்கிக்கொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

“தாராளமா போடலாம்ணே. எத்தனை கிலோ வரும்?”

லாரி டயரைப் பார்த்தே எடை சொல்கிற மனிதர் யோசித்தார். கட்டில், பீரோ, அண்டா, தையல் மிஷின், மகனுடைய புத்தகப் பெட்டிகள். திரும்பி மனைவியைப் பார்த்தார். மனைவி உதட்டைப் பிதுக்கினார்.

“தெரியலைப்பா” என்றார் எடைமேடைக்காரர். “புதுசா வர்ற ஆளு போட்டுச் சொல்லட்டும்.”